ராத்திரில யாரு சிரிக்கிறா? டார்வின் பக்கம் மரத்தவளையை காதால கண்டுபிடிக்கிறது எப்படி

ஆஸ்திரேலியாவோட வடக்கு ஓரத்துல இருக்கிற டார்வின் ஊருக்கு வந்த முதல் மழைக்காலம், ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு பால்கனில நின்னு அம்மாகூட போன்ல பேசிட்டு இருந்தேன். ஊருக்கும் இங்கயும் சரியா 4 மணி நேரம்தான் வித்தியாசம், அங்க ஆறு மணி, விளக்கேத்துற நேரம். மழை அப்பதான் விட்டிருந்துச்சு, பேசிட்டே இருக்கும்போது அம்மா திடீர்னு "யாருடா அது பக்கத்துல அப்படி கெக்கெக்கேன்னு சிரிக்கிறது, தண்ணி கிண்ணி போட்டிருக்கானுங்களா"ன்னு கேட்டாங்க. நானும் கொஞ்ச நாளா அது பக்கத்து வீட்டு ஆளுங்கன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன், போனை வெச்சுட்டு கீழ இறங்கி டார்ச் அடிச்சு அரை மணி நேரம் தேடினா ஒரு ஆளும் இல்ல, செடிக்குள்ள இருந்து சிரிப்பு மட்டும் வருது, கிட்ட போனா நிக்குது, திரும்பி நடந்தா மறுபடியும் முதுகுக்குப் பின்னாடி கெக்கெக்கெக்கே!

அது ஒரு மரத்தவளை. பேரு லிட்டோரியா ரோத்தை, இங்க ரோத் மரத்தவளைன்னும் சிரிக்கும் மரத்தவளைன்னும் சொல்றாங்க. 1884ல க்வீன்ஸ்லாண்ட் மியூசியத்துல இருந்த டி விஸ்ங்கிறவர்தான் முதல்ல எழுதி வெச்சது. அஞ்சு சென்டிமீட்டர், மிஞ்சிப்போனா அதுக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான் சைஸ். அந்த சைஸுக்கு அந்த சத்தம் அநியாயம்.

அன்னைக்கு நான் பண்ண தப்பு டார்ச்சோட போனது. தவளையை கண்ணால தேடக்கூடாது, காதால தேடணும், அப்புறம் காதுல விழுந்ததை மேப்போட வெச்சுப் பாக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் பேர் சொல்ல முடியும், ஒண்ணு மட்டும் இருந்தா பாதிதான். நம்ம ஊர்ல நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்கல்ல, அந்தப் பழமொழியை அப்படியே ஒரு வேலை செய்ற முறையா மாத்திக்கலாம், அது வாயைத் திறக்கிற வரைக்கும் நாம வாயை மூடிட்டு நிக்கணும்.

முதல்ல நேரம். இங்க நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மழைக்காலம், மீதி எல்லாம் வறண்ட காலம், நடுவுல அக்டோபர் நவம்பர்ல ஆளை வேக வெக்கிற புழுக்கம் ஒண்ணு இருக்கு, அதுக்கு இங்க பில்டப்னு பேரு. டார்வினுக்குக் கிழக்கே இருக்கிற காக்கடு தேசியப் பூங்கா பக்கத்து ஆதிவாசி மக்கள் வருஷத்தை ஆறு பருவமா பிரிக்கிறாங்க, இந்தப் புழுக்கமும் முதல் இடிமழையும் வர்ற பருவத்துக்கு குனுமெலெங், பெருமழை அடிக்கிற பருவத்துக்கு குட்ஜெவ்க். நாம வீட்ல கார்காலம்னு சொல்ற மாதிரிதான், நாள்காட்டியைப் பாத்து இல்ல, காத்தையும் புல்லையும் பாத்துப் பிரிச்சது. தவளைக்கும் காலண்டர் கிடையாது. குனுமெலெங்ல முதல் பெரிய மழை பெஞ்ச அன்னைக்கு ராத்திரிதான் சரியான நாள், இருட்டி ஒரு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சு நடுராத்திரி வரைக்கும். மழை கொட்டிட்டு இருக்கும்போதே போனா தகர ஷீட் சத்தம்தான் ரெக்கார்ட் ஆகும், விட்ட பிறகு போங்க.

இடம். ரொம்ப தூரம் போகவே வேண்டாம், உங்க வீட்டுப் பின்பக்கம், அபார்ட்மென்ட் நீச்சல்குளம், மழைத்தண்ணி குழாய் இது போதும். சவானாக் காடுன்னா மரம் நெருக்கமா இருக்காது, உசரமான ஸ்ட்ரிங்கிபார்க், வுல்லிபட் யூகலிப்டஸ் மரங்க தள்ளித்தள்ளி நிக்கும், நடுவுல எல்லாம் புல்லு, மழைக்காலம் முடியுறப்போ அந்த ஈட்டிப்புல்லு ஆள் தலைக்கு மேல வளர்ந்து நிக்கும். தண்ணி தேங்குற பள்ளம், அதைச் சுத்தி தாழை மாதிரியே இருக்கிற பண்டானஸ் புதர், இந்த ரெண்டும் இருக்கிற இடம்னா கண்டிப்பா கச்சேரி உண்டு.

ஆனா இங்க ஒரு விஷயம் விளையாட்டு இல்ல. முதலை. உப்புத்தண்ணி முதலைன்னு பேரு இருந்தாலும் நல்ல தண்ணிலயும் இருக்கும், மழைக்காலத்துல வெள்ளத்தோட எங்க வேணா வந்து சேரும். அரசாங்கமே சொல்ற கணக்கு, தண்ணி ஓரத்துலேர்ந்து குறைஞ்சது 5 மீட்டர் தள்ளி நிக்கணும். நான் ராத்திரில இன்னும் தள்ளித்தான் நிப்பேன். டார்வின்லேர்ந்து 70 கிலோமீட்டர்ல ஃபாக் டேம் இருக்கு, 1950கள்ல நெல்லு போடப்போறோம்னு கட்டின அணை, நெல்லு படுதோல்வி, இப்போ பறவைக்கும் தவளைக்கும் சொர்க்கம். (நெல்லு விளையாத இடத்துல போய் நின்னு தவளை சத்தம் கேக்கிறது தஞ்சாவூர் பக்கத்து ஆளுக்கு என்ன மாதிரி இருக்கும்னு சொல்லத் தெரியல, கண்ணை மூடினா நாத்தங்கால் ஞாபகம்தான்.) அந்த அணைக்கரை மேல நடக்கவே கூடாது, முதலைக்காக. கார்ல போகலாம், அதனால இன்ஜினை ஆஃப் பண்ணி கண்ணாடியை இறக்கிட்டு உள்ள உக்காந்தே ரெக்கார்ட் பண்ணுங்க, நல்லாவே வரும்.

செருப்பு போட்டுட்டு போகாதீங்க, மூடின ஷூ. இங்க மழைக்கால மண்ணுலயும் சேத்துத் தண்ணிலயும் மெலியாய்டோசிஸ்னு ஒரு பாக்டீரியா நோய் இருக்கு, கால்ல சின்ன வெட்டு இருந்தாலும் உள்ள போயிரும், சர்க்கரை வியாதி இருக்கிறவங்களுக்கு ரொம்ப ஆபத்து. நம்மாளுங்கள்ல எத்தனை பேருக்கு சுகர் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். கொசு மருந்து தடவிக்கோங்க, ஆனா தடவின கையால தவளையைத் தொடாதீங்க, அது தோல் வழியாவே தண்ணி குடிக்கிற ஜீவன், எல்லாத்தையும் உறிஞ்சிரும். தொடவே தேவை இல்ல, நாம கேக்கத்தானே வந்திருக்கோம்.

சரி, இப்போ காது. முதல் அஞ்சு நிமிஷம் எதுவும் பண்ணாம சும்மா நில்லுங்க. நீங்க நடந்து வந்த சத்தத்துக்கு எல்லாம் கப்சிப்னு ஆயிருக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொண்ணா ஆரம்பிக்கும், அப்படி ஒவ்வொண்ணா சேரும்போதுதான் பிரிச்சுக் கேக்க முடியும். முழுக் கச்சேரியும் ஓடும்போது கேட்டா கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும், ஒண்ணும் புரியாது. கத்துறது ஆண் மட்டும்தான், பொண்ணைக் கூப்பிடுது, நுரையீரல் காத்தை குரல்வளை வழியா தொண்டைக்குக் கீழ இருக்கிற பைக்குள்ள தள்ளுது, அந்தப் பை பலூன் மாதிரி ஊதி சத்தத்தை வெளிய பரப்புது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மெட்டு, ஏன்னா பொண்ணு தன் இனத்து மெட்டுக்குத்தான் வரும். நமக்கு வேலை ஈஸியா இருக்கிறதுக்குக் காரணமும் அதுதான்.

ரோத் மரத்தவளையோட சத்தம் ஒரு சிரிப்பு, அதுவும் நல்ல சிரிப்பு இல்ல, பழைய படத்துல வில்லன் மாடிப்படில நின்னு சிரிப்பானே அந்தச் சிரிப்பு. கெக்-கெக்-கெக்-கெக், நிறுத்தும், மூச்சு வாங்குற அளவுக்கு ஒரு இடைவெளி, மறுபடியும் அதே. அதைக் கேட்டு பக்கத்துல இன்னொண்ணு சேந்துக்கும். தண்ணி ஓரத்துச் செடி, கிளை, நாணல் மேலேர்ந்து வரும். அதிர்ஷ்டம் இருந்து நேர்ல கண்ணுல பட்டுச்சுன்னா கண்ணைப் பாருங்க, கருவிழியைச் சுத்தி மேல் பாதி மட்டும் செக்கச்செவேல்னு இருக்கும், தூக்கம் கெட்டவன் கண்ணு மாதிரி. உடம்பு நிறத்தை நம்பாதீங்க, ஒரே தவளை வெளுத்த சாம்பலா ஒரு நேரம், கரும்பழுப்பா ஒரு நேரம் இருக்கும். தாவும்போது தொடைக்குப் பின்னாடி கறுப்பும் மஞ்சளும் தெரியும்.

இதோட குழப்பிக்கக்கூடாதது என்னென்னன்னா, முதல்ல பச்சை மரத்தவளை, கை நிறைய இருக்கிற பெரிய தவளை, பத்து சென்டிமீட்டருக்கும் மேல போகும். அது க்ராக்... க்ராக்... க்ராக்னு கனத்த குரல்ல ஒரே தாளத்துல விடாம கத்தும். மழைத்தண்ணி குழாய்க்குள்ள உக்காந்து கத்துறது இதுக்கு ரொம்பப் பிடிக்கும், குழாய் மைக் செட் மாதிரி வேலை செய்யும், எங்க வீட்ல டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்ல ஒண்ணு நிரந்தர வாடகைக்கு இருக்கு. இதுக்கு சயின்ஸ் பேர்ல நீலம்னு அர்த்தம் வர்ற செரூலியான்னு ஏன் வெச்சாங்கன்னா, 1790ல ஜான் ஒயிட் இதை எழுதினப்போ பாத்தது நீலமா போயிருந்த சாம்பிள், தோல்ல இருக்கிற மஞ்சள் ஸ்பிரிட்ல கரைஞ்சு போனா பச்சை நீலமாயிரும்னு சொல்வாங்க. பாடம் என்னன்னா பேரை நம்பி நிறத்தைத் தேடாதீங்க.

அடுத்து ருபெல்லாங்கிற மரத்தவளை, சின்னது, பழுப்பு, கடற்புறா கத்துற மாதிரி கீச்சுன்னு இழுத்து 'ய்யாஆஆ'ன்னு காதைக் கிழிக்கும். அப்புறம் குட்டி மரத்தவளை பைகலர், மூணு சென்டிமீட்டர்கூட வராது, பண்டானஸ் இலை இடுக்குலயும் உசரமான புல்லுலயும் இருக்கும், துருப்பிடிச்ச கதவுக் கீல் மாதிரி 'வ்ரீஈக்'னு ஒரு இழுப்பு, பின்னாடியே பிப் பிப்னு ரெண்டு சின்ன ஒட்டு. தரைல இருக்கிற மார்பிள் தவளை டொக் டொக் டொக்னு மரத்துல தட்டுற மாதிரி. இன்னும் நாலஞ்சு இருக்கு, அதெல்லாம் ரெண்டாவது வருஷம் பாத்துக்கலாம்.

கேன் டோட்ங்கிற பெரிய தேரையை மட்டும் முதல் நாளே கத்துக்கோங்க. தூரத்துல வயக்காட்டுல டீசல் பம்ப்செட் ஓடுமே, டுர்ர்ர்ர்ர்ருன்னு, ஏத்தம் இறக்கம் இல்லாம, அதுதான். அது மரத்தவளை இல்ல, இந்த நாட்டுதே இல்ல, கரும்புல வண்டு திங்குதுன்னு 1935ல ஹவாயிலேர்ந்து கொண்டுவந்து க்வீன்ஸ்லாண்ட்ல விட்டாங்க, வண்டை அது கண்டுக்கவே இல்ல. நடந்து நடந்து 2001ல காக்கடு, 2009ல மேற்கு ஆஸ்திரேலியா எல்லை. அதோட விஷத்தால அதைத் தின்ன உடும்பும், க்வோல்ங்கிற பூனை மாதிரி சின்ன வேட்டை மிருகமும்தான் கூட்டம் கூட்டமா செத்துப்போச்சு. உங்க ரெக்கார்டிங்ல பம்ப்செட் சத்தம் கேட்டா அதுவும் முக்கியமான தகவல்தான், அழிச்சிராதீங்க.

இப்போ மேப், இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. ரோத் மரத்தவளை இருக்கிறது மேற்கு ஆஸ்திரேலியால கிம்பர்லிலேர்ந்து ஆரம்பிச்சு, இங்க டாப் எண்ட்னு சொல்ற டார்வின் சுத்து வட்டார வடபகுதி முழுக்க, கார்பென்டேரியா வளைகுடாவைச் சுத்தி, கேப் யார்க், அப்படியே க்வீன்ஸ்லாண்ட் கிழக்குக் கரையோரமா கீழ இறங்கும். கடல் தாண்டி நியூகினி தீவோட தெற்குப் பக்கத்துலயும் இருக்கு. தவளை கடல் நீந்தாதே, எப்படிப் போச்சுன்னா, பனியுக காலத்துல கடல் மட்டம் கீழ இருந்தப்போ ஆஸ்திரேலியாவும் நியூகினியும் ஒரே நிலம், டோரஸ் ஜலசந்தில தண்ணி ஏறி வந்து சுமார் 8,000 வருஷம்தான் ஆகுது. தெற்கு நியூகினிலயும் இதே மாதிரி புல்லும் மரமும் கலந்த சவானாதான், அதனால அங்க நின்னு கேட்டாலும் இதே வில்லன்தான்.

மேப் ஏன் வேணும்னா, இதே மாதிரி சிரிக்கிற இன்னொருத்தன் இருக்கான். பெரோன் மரத்தவளை. அவன் சிரிப்பு கொஞ்சம் நீளம், டிரில் மெஷின் போட்ட மாதிரி கடகடன்னு ஓடி கடைசில இறங்கும், கருவிழி சிலுவை மாதிரி இருக்கும், முதுகுல பச்சைப் பொட்டு தூவின மாதிரி. ஆனா புதுசா கேக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். சிட்னில இருக்கிற நம்மாளு ஒருத்தர் "எங்க வீட்ல உங்க ரோத் தவளை வந்திருக்கு"ன்னு ஆடியோ அனுப்பினார், கேக்காமலே சொல்லிட்டேன் அது பெரோன்னு. ஏன்னா பெரோன் தென்கிழக்கு ஆள், ரோத் வடக்கு ஆள். டார்வின்ல சிரிச்சா ரோத், சிட்னில சிரிச்சா பெரோன். க்வீன்ஸ்லாண்ட் கிழக்குப் பக்கம் கொஞ்ச தூரம் ரெண்டும் கலந்து இருக்கும், அங்க மட்டும்தான் காதை நல்லா தீட்டிக்கணும்.

மேப் பாக்க அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா சைட்ல தவளை பேரைப் போட்டா புள்ளி புள்ளியா வரும், ஃப்ரீதான். ஆனா அந்தப் புள்ளியை அப்படியே நம்பினா ஏமாந்துருவீங்க. நல்லா உத்துப் பாருங்க, புள்ளி எல்லாம் ஸ்டூவர்ட் ஹைவே, ஆர்னம் ஹைவே, ஊர் இப்படி வரிசையாவே இருக்கும். தவளை என்ன பஸ் ஏறவா ரோட்டோரம் நிக்குது? மனுஷன் போன இடம் அது, அவ்வளவுதான். அதுவும் தவளை கத்துற மாசத்துலதான் பாதி ரோடு வெள்ளத்துல மூடிக்கிடக்கும், அதனால வெத்திடமா தெரியுற இடம் தவளை இல்லாத இடம்னு அர்த்தம் இல்ல, காது இல்லாத இடம். எதிர்ப்பக்கமும் உண்டு, மெல்போர்ன்ல எங்கயோ ஒரு வடக்கத்தி மரத்தவளை புள்ளி தெரிஞ்சா அது வாழைப்பழப் பெட்டில ஏறி வந்த பயணியா இருக்கலாம், மரத்தவளைங்க பழ லாரில தெற்கே போறது இங்க சகஜம். ஒத்தைப் புள்ளியைப் பாத்து பரவல்னு முடிவு பண்ணாதீங்க, புள்ளிக் கூட்டத்தைப் பாருங்க.

உங்க புள்ளியையும் சேக்கணும்னா ஃப்ராக்ஐடி ஆப். சிட்னில இருக்கிற ஆஸ்திரேலியன் மியூசியம் 2017 நவம்பர்ல ஆரம்பிச்சது, தவளை ஆராய்ச்சியாளர் ஜோடி ரௌலிதான் தலைமை, இதுவரைக்கும் வந்த பதிவு 10 லட்சத்தைத் தாண்டிருச்சு. நீங்க 20லேர்ந்து 60 செகண்ட் ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும், இடமும் நேரமும் போனே எடுத்துக்கும், அங்க ஆளுங்க உக்காந்து காதால கேட்டு என்ன தவளைன்னு பதில் அனுப்புவாங்க. ஆப்ல நீங்களே பேர் தேர்ந்தெடுக்கலாம், தெரியலன்னா விட்டுடுங்க, தப்பா போட்டாலும் யாரும் திட்டமாட்டாங்க.

ரெக்கார்டிங்ல நான் பட்ட பாடு தனி. என் முதல் ஆடியோல தவளையைவிட நான்தான் அதிகம், "ஏய் இங்க வா, கேக்குதா, கேக்குதா"ன்னு பொண்டாட்டியைக் கூப்பிட்டது, கார் இன்டிகேட்டர் டிக் டிக், ரெயின்கோட் சரசரப்பு. அதனால சொல்றேன், ரெயின்கோட்டை கழட்டி வெச்சுட்டு காட்டன் சட்டைல நில்லுங்க. போனோட மைக் கீழ்ப்பக்கம் இருக்கும், விரலால மூடாதீங்க, மைக் இருக்கிற முனையை சத்தம் வர்ற திசைக்குக் காட்டுங்க. போனை மழைக்காக பாலிதீன் கவர்ல போட்டா ஒவ்வொரு அசைவுக்கும் மொறுமொறுன்னு முறுக்கு சாப்பிடுற சத்தம் வரும், வேணாம். கைல பிடிச்சா நடுங்கும், மதில் மேலயோ கார் கூரை மேலயோ வெச்சுட்டு ரெண்டடி தள்ளி நில்லுங்க. கூட்டமா கத்துற இடத்துல ஒரு தவளைகிட்ட நெருங்கி ஒரு ரெக்கார்டிங், தள்ளி நின்னு மொத்தத்துக்கும் ஒரு ரெக்கார்டிங், ரெண்டு எடுங்க. டவர் இல்லாத இடம்னா கவலைப்படாதீங்க, சேவ் ஆகி இருக்கும், வீட்டுக்கு வந்து அனுப்பலாம், ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவை இல்ல, லொகேஷன் மட்டும் ஆன்ல இருக்கணும்.

தவளையை வரவெக்க போன்ல அது சத்தத்தையே போட்டுக் காட்டுற ஆளுங்க இருக்காங்க. எனக்குப் பிடிக்காத வேலை. இன்னொரு ஆண் வந்துட்டான்னு நெனச்சு அது தொண்டை கிழிய கத்தும், அதுக்கு சத்துதான் வீண், பாம்புக்கும் விலாசம் சொன்ன மாதிரி ஆகும்.

கம்ப்யூட்டர்ல பாக்க ஆசைன்னா ஆடாசிட்டி ஃப்ரீ சாஃப்ட்வேர், ஆடியோவைத் திறந்து, சத்தத்தைப் படமா காட்டுற ஸ்பெக்ட்ரோகிராம் வ்யூ போடுங்க. ரோத் சிரிப்பு சீப்புப் பல்லு மாதிரி தனித்தனிக் கோடா நிக்கும், கேன் டோட் அடில பட்டையா இழுத்துட்டே போகும், ருபெல்லா மேல நீளமா தீத்தின மாதிரி. காதுல பிரியாத ரெண்டு தவளை கண்ணுல பிரிஞ்சிரும். ராத்திரி குளிர்ச்சியா இருந்தா பல்லுக்கு நடுவுல இடைவெளி கூடும், தவளைக்கு உடம்புச் சூடு வெளிய இருக்கிற சூடுதான், அதனால வேகம் குறையும், வேற இனம்னு பதறாதீங்க.

ஏப்ரல் கடைசில புல்லை எல்லாம் சாச்சுப் போடுற காத்து மழை ஒண்ணு வரும், அதோட சிரிப்பு நின்னுரும். மே மாசம் அம்மா போன்ல "என்னடா அவனுங்க வீடு காலி பண்ணிட்டானுங்களா"ன்னு கேட்டாங்க. எங்கயும் போகல, மரப்பொந்து, பண்டானஸ் இடுக்கு, தண்ணி டேங்க் மூடி அடில ஒடுங்கிக் கிடக்கும். அந்த மாசங்கள்ல ஆப்பைத் திறக்க வேண்டிய வேலை இல்ல, குழாய்க்குள்ள இருக்கிற பச்சைத் தவளை மட்டும் துணி துவைச்ச தண்ணி ஓடினாக்கூட மழைன்னு நெனச்சு ரெண்டு க்ராக் போடும், அதை வேணா ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. நான் அக்டோபர் வரைக்கும் பழைய ஆடியோவை ஸ்பெக்ட்ரோகிராம்ல போட்டு பாத்துட்டு இருப்பேன், போன ஜனவரில அனுப்பின ஒண்ணுல நான் ரோத் மட்டும்தான்னு எழுதி அனுப்பினேன், பதில்ல மூணு தவளையோட பேர் வந்திருந்துச்சு, மறுபடி கேட்டா 23வது செகண்ட்ல கதவுக் கீல் சத்தம் அப்படியே இருக்கு, பிப் பிப்போட.